நடு அறை ஏன் காலி? லினக்ஸ் கெர்னலுக்குள் இன்னொரு கடிகாரம் வந்த கதை

ஒரு நெட்வொர்க் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது என்று லினக்ஸ் கெர்னலிடம் நேரமுத்திரை கேட்டால், அது ஒற்றை நேரத்தைத் தராது. மூன்று அறைகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியைத் தரும். முதல் அறையில், பாக்கெட் தன் கைக்கு வந்தபோது கெர்னல் தானே குறித்த நேரம். மூன்றாவது அறையில், அதே பாக்கெட் கம்பியிலிருந்து இறங்கியபோது நெட்வொர்க் கார்டு குறித்த நேரம். நடு அறையில் எப்போதும் பூஜ்யம்.

இந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் ஒரு நிரலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நடு அறை என் கண்ணில் பட்டது. கெர்னலின் ஆவணத்தில் தேடினால் பதில் ஓரிரு வரிதான்: முன்பு இங்கே கார்டின் நேரத்தைக் கணினியின் நேரமாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம், இப்போது வைப்பதில்லை. அவ்வளவுதான். சரி, ஏன் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பழைய பேட்ச்களைத் துழாவ ஆரம்பித்தேன். ஒரு கணினிக்குள் எத்தனை கடிகாரங்கள் இருக்கலாம், அதில் எதை நம்புவது என்ற வழக்குதான் அந்தக் காலி அறைக்குப் பின்னால் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வழக்கைப் பற்றியது.

முதலில், கார்டுக்கு எதற்குத் தனிக் கடிகாரம்?

தபால் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தபால் நிலையத்துக்கு வந்ததும் முத்திரை விழுந்தால் அந்தத் தேதிக்கு அர்த்தம் உண்டு. தபால்காரர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நம் வீட்டு வாசலில் நின்று முத்திரை குத்தினால், அது கடிதம் வந்த நேரமா, அவர் வழியில் டீ குடித்த நேரமா என்று சொல்ல முடியாது. கணினியில் நடப்பது இரண்டாவது வகை. பாக்கெட் கம்பியிலிருந்து கார்டுக்குள் வருகிறது, அங்கிருந்து நினைவகத்துக்குப் போகிறது, கார்டு பிராசஸருக்கு இன்டரப்ட் கொடுக்கிறது. பிராசஸர் வேறு வேலையில் இருக்கலாம், தூக்க நிலையில் இருக்கலாம். பல கார்டுகள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இன்டரப்ட் கொடுத்துத் தொல்லை பண்ண வேண்டாம் என்று நாலைந்தைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகத் தட்டி எழுப்பும். இத்தனையும் தாண்டித்தான் கெர்னல் மணி பார்க்கிறது. இந்தத் தாமதம் சில மைக்ரோ நொடியும் ஆகலாம், பல பத்து மைக்ரோ நொடியும் ஆகலாம். எவ்வளவு என்பது ஒவ்வொரு தடவையும் மாறுவதுதான் சிக்கலே. ஒரே அளவு தாமதம் என்றால் கழித்துவிட்டுப் போய்விடலாமே.

டெலாவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1985-ல் எழுதி, பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த என்.டி.பி. நெறிமுறைக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. இணையத்தில் ஒரு சில மில்லி நொடிக்குள் நேரம் ஒத்துப்போனால் நம் மின்னஞ்சலுக்கும் பதிவுக் கோப்புக்கும் போதும். ஆனால் அளவைக் கருவிகளை இணைப்பவர்களுக்குப் போதாது. ஹியூலட் பேக்கர்டிலும் பிறகு அஜிலென்டிலும் இருந்த ஜான் ஐட்சன், ஓர் ஆய்வுக்கூடத்திலோ ஆலையிலோ உள்ள கருவிகளெல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்ற தேவையிலிருந்து தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் 2002-ல் வெளியான ஐட்ரிபிள்ஈ 1588 தரநிலை, அதாவது பி.டி.பி. நெறிமுறை. 2008-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

அதன் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். தலைமைக் கடிகாரம் ஒரு பாக்கெட் அனுப்புகிறது. அனுப்பிய நேரமும் வந்து சேர்ந்த நேரமும் தெரியும். நாம் திரும்ப ஒன்று அனுப்புகிறோம். அதற்கும் இரண்டு நேரம் தெரியும். போகும்போது 800 நானோ நொடி ஆனதாகவும், திரும்பும்போது 200 நானோ நொடிதான் ஆனதாகவும் தெரிகிறது என்று வையுங்கள். கம்பி ஒன்றுதான், இரண்டு திசைக்கும் ஒரே நீளம்தான். ஆகவே வழித்தாமதம் இரண்டின் சராசரி, 500. நம் கடிகாரம் 300 நானோ நொடி முந்திப் போகிறது. முடிந்தது கணக்கு. இப்போது இதே கணக்கில், நம் பக்கம் வந்த பாக்கெட்டுக்கு மட்டும் முத்திரை 40 மைக்ரோ நொடி தாமதமாக விழுந்தால்? பிழை அதில் பாதி, 20 மைக்ரோ நொடி. 300 நானோ நொடியைத் திருத்த வந்தவன் அதைப்போல அறுபது எழுபது மடங்கு தப்பாகத் திருத்திவிட்டுப் போவான்.

அதனால் முத்திரை கம்பிக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். அதற்குக் கார்டுக்குள் ஒரு கவுன்டர் வேண்டும். 2000-களின் பிற்பகுதியில் அப்படிப்பட்ட சிப்கள் சந்தைக்கு வரத் தொடங்கின. ஆனால் அவற்றிடம் பேசுவதற்குக் கெர்னலில் பொதுவான வழி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் டிரைவரில் தனக்குத் தோன்றியபடி ஒரு கதவு வைத்துக்கொள்ளும் நிலைமைதான்.

முதல் பொதுக் கதவைக் கட்டியவர் இன்டெலில் இருந்த பாட்ரிக் ஓலி. அவருடைய வேலை 2009 ஜூனில் வந்த 2.6.30 பதிப்பில் சேர்ந்தது. இன்டெலின் 82576 கார்டுதான் முதல் வாடிக்கையாளர். மேலே சொன்ன மூன்று அறைப் பெட்டியும் அவருடையதுதான்.

அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, கார்டு தந்த நேரத்தை எங்கே வைப்பது? கெர்னலில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கே பஃப் என்று ஓர் அடையாளச் சீட்டு உண்டு. விநாடிக்கு லட்சக்கணக்கான பாக்கெட் ஓடும் இடம் அது. அங்கே எட்டு பைட் கூட்டினாலும் நேரமுத்திரை பற்றிக் கேள்வியே படாத கோடிக்கணக்கான பேர் அதற்கு விலை கொடுக்க வேண்டும். நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள் அந்தச் சீட்டைக் குண்டாக விடமாட்டார்கள். கடைசியில் கார்டின் நேரம் அந்தச் சீட்டில் ஏறவில்லை. பாக்கெட் தரவின் வாலில் தொங்கும் இன்னொரு அமைப்பில் இடம் கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியம். உள்ளே வரும் பாக்கெட்டுக்கு நேரத்தை ஒட்டி அனுப்பிவிடலாம். வெளியே போகும் பாக்கெட்டுக்கு? நிரல் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அது கம்பியில் ஏறிய பிறகுதான் நேரம் தெரியும். அதை யாரிடம், எந்த வழியாகத் திருப்பிக் கொடுப்பது? கெர்னலில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஏற்கெனவே ஒரு பின்வாசல் இருந்தது: பிழை வரிசை. அனுப்பிய பாக்கெட் போய்ச் சேரவில்லை போன்ற புகார்கள் அந்த வழியாகத்தான் வரும். ஓலி அந்தப் பின்வாசலையே பயன்படுத்தினார். ஆக, லினக்ஸில் ஒரு பாக்கெட் வெற்றிகரமாகப் போனது, இத்தனை நானோ நொடிக்குப் போனது என்ற நல்ல செய்தி இன்றைக்கும் பிழையாகத்தான் வருகிறது. கூடவே அனுப்பிய பாக்கெட்டின் நகலும் வரும், எதற்கான நேரம் இது என்று அடையாளம் காண. முதல் தடவை படிக்கிறவனுக்கு இது கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் வேறு வழி சொல்லுங்கள் பார்ப்போம் என்று யோசித்தால், புதிதாக ஒரு வாசல் இடிக்காமல் இருக்கிற வாசலில் வேலையை முடித்தது கெட்டிக்காரத்தனம்தான்.

இனி நடு அறைக்கு வருவோம். கார்டின் கவுன்டர் தன்பாட்டுக்கு ஓடுகிறது. கணினியின் நேரம் வேறு கிரிஸ்டலில், வேறு வேகத்தில் ஓடுகிறது. சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே ஒரு நாளில் 0.86 நொடி தள்ளிப்போகும். நிரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் கணினியின் நேரம்தான். ஆகவே ஓலியின் ஏற்பாட்டில் கெர்னல் இரண்டு கடிகாரங்களையும் அவ்வப்போது ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கணித்து, கார்டின் முத்திரையைக் கணினி நேரமாக மொழிபெயர்த்து நடு அறையில் வைக்கும். மூன்றாவது அறையில் மூலம், நடு அறையில் மொழிபெயர்ப்பு. நிரல் எழுதுகிறவனுக்கு இரண்டாவது கடிகாரம் இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூனிக்ஸ் குடும்பத்தில் கணினிக்குக் கடிகாரம் ஒன்றுதான் என்பது எழுதப்படாத சட்டம். நேரத்தைத் திருத்தும் கட்டளையான அட்ஜ்டைம்எக்ஸுக்கு, எந்தக் கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லும் இடமே கிடையாது. இருப்பதே ஒன்றுதானே, எதற்குக் கேட்க வேண்டும்? அந்த வீட்டுக்குள் வந்த புது மருமகளை மாமியாரின் பேச்சிலேயே பேசவைப்பதுதான் ஓலி எடுத்த வழி.

ஆனால் மொழிபெயர்ப்பில் நயம் தேய்ந்தது. ஒப்பிடும்போது வரும் பிழை ஒவ்வொரு முத்திரையிலும் ஏறுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு: கார்டின் கடிகாரத்தையே சரியான நேரத்துக்குத் திருப்ப முடிந்தால் அதை வைத்து எத்தனையோ செய்யலாம். வெளியே இருக்கும் ஒரு பின்னில் நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பலாம், வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு நேரம் குறிக்கலாம். முத்திரை மட்டும்தான் வெளியே தெரியும், கடிகாரம் தெரியாது என்ற ஏற்பாட்டில் இதெல்லாம் முடியாது.

இங்கே ரிச்சர்ட் காக்ரன் வருகிறார். அப்போது அவர் ஆஸ்திரியாவில் மின்கட்டமைப்புகளைச் சோதிக்கும் கருவிகள் செய்யும் ஓமிக்ரான் நிறுவனத்தில் இருந்தார். அந்தத் துறைக்கு ஏன் இவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் ஒரு முழுச் சுற்று 20 மில்லி நொடி. இரண்டு துணைமின் நிலையங்களின் கடிகாரம் ஒரு மில்லி நொடி வேறுபட்டால், ஒரே அலையை அளந்தும் இரண்டுக்கும் நடுவே 18 டிகிரி கட்ட வேறுபாடு இருப்பதாகத் தெரியும். கம்பியில் எங்கோ பழுது என்று நினைத்து லைனைத் துண்டிக்கக்கூட அது காரணமாகலாம். ஒரு மைக்ரோ நொடிக்குள் ஒத்துப்போனால் அந்த வேறுபாடு 0.018 டிகிரிதான்.

காக்ரன் 2010-ல் தன் பேட்ச்களை முன்வைத்தார். அவை ஒரே மூச்சில் ஏற்கப்படவில்லை. பதிப்புக்கு மேல் பதிப்பாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. சிப்பின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாருக்கும் புரிந்த விஷயம். விவாதம் முழுக்க, இந்தப் புதுக் கடிகாரத்துக்குக் கெர்னலில் என்ன அந்தஸ்து என்பதில்தான். வெறும் ஒரு கருவிக் கோப்பாக, தனக்கென்று சில கட்டளைகளோடு ஒதுங்கி இருக்கட்டுமா? அல்லது கணினியின் நேரத்தைக் கேட்கும் அதே பொதுக் கட்டளையால் இதன் நேரத்தையும் கேட்கலாமா? பொதுக் கட்டளை என்றால் கடிகாரத்துக்கு ஓர் எண் வேண்டும். நிரந்தர எண் கொடுத்தால், கார்டைப் பிடுங்கிவிட்டால் அந்த எண் யாரைக் குறிக்கும்?

கடைசியில் வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. கடிகாரம் ஒரு கருவிக் கோப்பாக, பிடிபி0, பிடிபி1 என்ற பெயர்களில் டெவ் அடைவில் இருக்கும். நிரல் அதைத் திறக்கும்போது ஒரு கோப்பு எண் கிடைக்கும். அந்தக் கோப்பு எண்ணையே கொஞ்சம் புரட்டிப் போட்டால் அது கடிகார எண் ஆகிவிடும். கோப்பு திறந்திருக்கும் வரைதான் எண்ணுக்கு உயிர். புரட்டுவது எப்படி என்பதில் ஒரு குசும்பு இருக்கிறது. லினக்ஸில் எதிர்மறைக் கடிகார எண்கள் ஏற்கெனவே, ஒரு நிரல் எவ்வளவு பிராசஸர் நேரம் தின்றது என்று அளக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் கடைசி இரண்டு பிட்டுகள் கடிகாரத்தின் வகையைச் சொல்லும். இரண்டு பிட்டுக்கு நான்கு மதிப்பு. மூன்று ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. நான்காவது சும்மா இருந்தது. கூட்டமான பஸ்ஸில் கடைசி சீட்டில் துண்டு போட்ட மாதிரி, அந்த ஒற்றை மதிப்பைப் பிடித்து உட்கார்ந்தன கோப்பு வழிக் கடிகாரங்கள்.

இதற்கான அடித்தளம் 2011 மே மாதம் வந்த 2.6.39-ல் சேர்ந்தது. அதே பதிப்பில் கிளாக் அட்ஜ்டைம் என்ற புதிய கட்டளையும் வந்தது: எந்தக் கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்கும் கட்டளை. கணினிக்குக் கடிகாரம் ஒன்றுதான் என்ற சட்டம் அன்றோடு போனது. இரண்டு மாதம் கழித்து, 3.0 பதிப்பில் பி.டி.பி. கடிகார அமைப்பு முழுதாக உள்ளே வந்தது, மூன்று டிரைவர்களோடு. அதில் ஒன்று நேஷனல் செமிகண்டக்டரின் டிபி83640. இது முழு நெட்வொர்க் கார்டு கிடையாது, கம்பியை ஒட்டி உட்காரும் பி.எச்.ஒய். சிப் மட்டும். இதோடு பேசும் கட்டுப்பாட்டுப் பாதை ரொம்ப மெதுவானது. ஆகவே இந்தச் சிப் தானே ஈதர்நெட் பாக்கெட் ஒன்றைத் தயாரித்து, அதில் நேரமுத்திரைகளை எழுதி, அது வெளியிலிருந்து வந்த மாதிரியே கணினிக்குள் அனுப்பும்! டிரைவர் அதை வழியில் மறித்துப் பிரித்துப் படித்துக்கொள்ளும்.

கெர்னல் இனி மொழிபெயர்க்காது. யார் ஒப்பிடுவது? கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்கள். காக்ரன் அதற்கும் லினக்ஸ்பிடிபி என்ற தொகுப்பை எழுதினார். அதில் பிடிபி4எல் என்ற நிரல் கார்டின் கடிகாரத்தைத் தலைமைக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வைக்கும். பிஎச்சி2சிஸ் என்ற நிரல் கணினியின் கடிகாரத்தைக் கார்டோடு ஒத்துப்போக வைக்கும். இரண்டாவது வேலை பார்க்க எளிது போலத் தெரியும். ஆனால் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் கார்டின் கடிகாரத்தைப் பஸ் வழியாகப் படித்துவர ஒரு மைக்ரோ நொடி அளவுக்கு ஆகிவிடும். அதனால் கணினி நேரம், கார்டு நேரம், மறுபடி கணினி நேரம் என்று மாற்றி மாற்றிப் படித்து, இடைவெளி குறைவாக இருந்த தடவையை மட்டும் நம்புவார்கள். இரண்டையும் வன்பொருளே ஒரே கணத்தில் படம் பிடித்துத் தரும் வசதி 2016-ல்தான் கெர்னலில் சேர்ந்தது.

புதிதாக இதை அமைக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் திடுக்கிடுவார்கள். எல்லாம் நானோ நொடியில் ஒத்துப்போய், கார்டு மட்டும் கணினியைவிட 37 நொடி முந்திக்கொண்டு நிற்கும். பழுதெல்லாம் இல்லை. பி.டி.பி. அணு நேரத்தில் ஓடுகிறது, அதில் லீப் நொடி கிடையாது. நம் கணினி லீப் நொடி கூட்டிய உலக நேரத்தில் ஓடுகிறது. 2017 ஜனவரியிலிருந்து இரண்டுக்கும் வித்தியாசம் 37. இந்த மாதிரி வித்தியாசத்தை அமைப்பவர் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. கெர்னல் நடுவில் புகுந்து மறைத்திருந்தால் பிழையின் மூலத்தைத் தேடி அலைந்திருப்போம்.

ஓலியின் மொழிபெயர்ப்புக் குறிமுறையைப் பயன்படுத்திய டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் புது வழிக்கு மாறின. 2014-ல் நடு அறையை நிரப்பும் வேலை முற்றிலும் நீக்கப்பட்டது. அறையை மட்டும் இடிக்க முடியவில்லை. மூன்றாவது அறையைத் தேடி நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். உலகமெங்கும் ஓடும் நிரல்கள் தப்பான அறையைத் திறக்கும். பயனரின் நிரலை உடைக்காதே என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக நிற்கும் விதி. ஆகவே அறை இருக்கிறது, பூஜ்யத்தோடு.

ஒரு அமைப்பைக் கெர்னலில் சேர்ப்பதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து ஆண்டுப் பராமரிப்பைப் பற்றிப் படிப்பதுதான் எனக்குச் சுவை.

82576 கார்டையே எடுத்துக்கொள்வோம். வரும் பாக்கெட்டின் நேரத்தை வைக்க அதில் ஒரே ஒரு ரெஜிஸ்டர். அதை யாராவது படிக்கும் வரை அடுத்த நேரத்தை ஏற்காது. முத்திரை விழுந்த பாக்கெட், படிக்கப்படும் முன்பே நெரிசலில் கைவிடப்பட்டால்? ரெஜிஸ்டர் பூட்டியபடியே நிற்கும், அதற்குப் பிறகு எந்தப் பாக்கெட்டுக்கும் நேரம் கிடைக்காது. அதனால் டிரைவரில் ஒரு காவலாளி இருக்கிறார்: ஐந்து நொடிக்கு மேல் யாரும் படிக்காமல் கிடந்தால், சும்மாவாவது ஒருமுறை படித்துப் பூட்டைத் திறந்துவிடுவார், எத்தனை தடவை திறந்தோம் என்று ஒரு கணக்கும் வைத்திருப்பார். தரநிலையில் இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது.

அடுத்தது, எதிர்காலத்துக்கு என்று விட்டுவைத்த இடங்கள். 2011-ல் கட்டளைகளை வடிவமைத்தபோது, பிற்பாடு தேவைப்படும் என்று சில புலங்களைக் காலியாக விட்டிருந்தார்கள். முன்யோசனைதான். ஆனால் அந்தப் புலங்களில் நிரல்கள் உண்மையிலேயே பூஜ்யம்தான் வைக்கின்றனவா என்று கெர்னல் சரிபார்க்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து அந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்று போனால், பழைய நிரல்கள் அங்கே என்ன குப்பையை விட்டுவைத்திருக்கின்றனவோ யார் கண்டது? இன்று அந்தக் குப்பைக்கு அர்த்தம் கொடுத்தால், நேற்று வரை ஒழுங்காக ஓடிய நிரல் நாளை வேறு வேலை செய்யும். முடிவில் 2019-ல், 5.4 பதிப்பில், அதே கட்டளைகளுக்குப் பெயரின் கடைசியில் 2 சேர்த்து இரண்டாம் வரிசை ஒன்று வந்தது. ஒரே வித்தியாசம், இவை காலிப் புலங்களைச் சரிபார்க்கும். பழைய வரிசையும் கூடவே இருக்கிறது. வீட்டுக்கு வெளியே எதிர்காலத்துக்கென்று விட்ட மனையில் வேலி போடாததற்கு எட்டு ஆண்டு கழித்துக் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் உறுத்தலானது. கார்டைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்காகத்தானே கோப்பு வழிக் கடிகாரம் வந்தது? அந்தக் கேள்வியிலேயே ஓட்டை இருந்தது. ஒரு நிரல் கடிகாரக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும்போது கருவி நீக்கப்பட்டால், நினைவகத்தை விடுவிக்கும் வரிசை பிசகி, விடுவித்துவிட்ட இடத்தைக் கெர்னல் மறுபடி தொட்டுவிடும் வாய்ப்பு இருந்தது. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில்தான் இது அடைக்கப்பட்டது. சிவிஇ-2020-10690 என்ற எண்ணில் பாதுகாப்புக் குறைபாடாகவும் பதிவாகியது. எட்டரை ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. துணைமின் நிலையத்தில் ஓடும் கணினியில் யார் போய்க் கார்டைப் பிடுங்கப்போகிறார்கள்?

இதற்கிடையில் வீட்டுக்கு எதிர்பாராத விருந்தாளிகளும் வந்தார்கள். மெய்நிகர் கணினி ஒன்றின் நேரத்தை, அது ஓடும் நிஜக் கணினியின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். அதற்கு நெட்வொர்க் பாக்கெட்டே தேவையில்லை, நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் அந்தப் பதிலை எந்தக் கதவில் கொடுப்பது? 2017-ல் பிடிபி_கேவிஎம் என்ற டிரைவர் வந்தது. உள்ளே பி.டி.பி. நெறிமுறையின் வாசனைகூடக் கிடையாது. கணினிக்குள் இரண்டாவது கடிகாரம் ஒன்று இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான் என்பதால் அங்கே வந்து குடியேறியது.

நெட்வொர்க்குக்கு வெளியிலும் இதே தேவை உண்டு. ஒரு சென்சாரின் கம்பியில் மின்னழுத்தம் எப்போது மாறியது என்று ரோபோவுக்கோ காருக்கோ தெரிய வேண்டும். அங்கேயும் இன்டரப்ட்டை நம்பினால் அதே தபால்காரர் கதைதான். என்விடியாவின் டெக்ரா சிப்களில் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. 31.25 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கவுன்டர், ஆகவே 32 நானோ நொடிக்கு ஒரு படி. இதற்காக என்விடியாவின் தீபன் படேல் எழுதிய எச்.டி.இ. என்ற தனி அமைப்பு, 2022 ஜூலை இறுதியில் வந்த 5.19-ல் சேர்ந்தது. அதில் நான் முதலில் தேடிப் பார்த்தது ஒன்றைத்தான்: மொழிபெயர்க்கிறார்களா? இல்லை. கவுன்டரின் எண்ணிக்கையை நானோ நொடியாக்குவதோடு சரி. ஜி.பி.ஐ.ஓ. கம்பியின் நிகழ்வுகளைக் கேட்கும் நிரல், எனக்கு எச்.டி.இ. கடிகாரத்தின் நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கமான கெர்னல் நேரம்தான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. ஒரே பெட்டியில் கார்டின் மையச் சிப்பும் முத்திரை குத்தும், கம்பியை ஒட்டிய பி.எச்.ஒய். சிப்பும் குத்தும் என்றால் யாருடையதை எடுப்பது? 2011-லிருந்து விதி எளிமையானது: பி.எச்.ஒய். சிப்பால் முடியும் என்றால் அதற்கே முதலிடம். கம்பிக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்வதுதானே சரி. ஆனால் நடைமுறையில் சில பலகைகளில் மையச் சிப்பின் முத்திரையே தேவலாம். தேர்ந்தெடுக்க வழி இல்லை. அதற்கு வழிசெய்யும் பேட்ச் தொகுப்பு இருபது பதிப்புக்கு மேல் சுற்றிவிட்டு, 2025 தொடக்கத்தில் வந்த 6.14-ல் சேர்ந்தது. இனிமேல் வரும் பி.எச்.ஒய். டிரைவர்களுக்கு மையச் சிப்தான் இயல்பு, வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். பழைய பி.எச்.ஒய். டிரைவர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, இதற்கு முன்பு போலவே முதலிடம் என்று குறியிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் டிபி83640-உம் இருக்கிறது.